மேஸ்திரியை நடுவில் வைக்காதீர்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேதான். மாற்றல் என்றால் ஓர் ஏரியைத் தாண்டி அடுத்த ஏரி, அவ்வளவுதான். போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும் என்னைப் பார்க்க வந்தார்கள். "ஒண்ணாம் வகுப்புல இருபத்திரண்டு பேரு மேடம். நான் பேசறது பாதிப் பேருக்குப் புரியல. அவங்க அம்மா அப்பாவுக்குச் சுத்தமாப் புரியல" என்றாள் அந்தப் பெண். காபி ஆறிப்போகும்வரை பேசினோம். அன்றைக்குச் சொன்னதையும், அவர்கள் போன பிறகு ஞாபகம் வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வகுப்பைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் வந்தது. அங்கேயும் ஊத்துக்கோட்டைப் பக்கமும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். ஏரிக்கரையிலும் ரைஸ் மில் ஓரத்திலும் இருளர் குடியிருப்புகள். ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். காண்டாபாஞ்சி ஸ்டேஷனில் ரயிலேறி, சட்டி பானை, அரிசி மூட்டை, கைக்குழந்தையோடு. ஆக, ஒரே வகுப்பில் மூன்று விதமான வீடு. பயிற்சி நிறுவனத்தில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விதமான வீட்டைப் பற்றி.

1. பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்றால், முதலில் உங்கள் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள்.

நான் முதன்முதலில் சூளைக் குடும்பங்களுக்குக் கூட்டம் போட்டது ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. பெஞ்சு துடைத்து, டீ சொல்லிக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. "இவங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்ல" என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. வெயிலுக்குப் பயந்து அவர்கள் கல் அறுக்க உட்காருவது விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு. நான் கூட்டம் வைத்த பத்தரை மணிக்கு எட்டு மணி நேர வேலை முடித்து, உலை வைத்துவிட்டுத் தரையில் சாய்ந்திருப்பார்கள். வாரச் செலவுப் பணம் கைக்கு வரும் நாள், சந்தைக்குப் போகும் நாள், அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணி. இதுதான் அவர்களுடைய நேரம். அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு நீங்கள் போங்கள். ஆறு மாதத்தில் மூன்று தடவை போனால் போதும், ஒரு தடவைகூடக் கையில் நோட்டீஸோடு போகாதீர்கள்.

2. மேஸ்திரியை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள்.

சூளைக்குப் போனால் முதலில் எதிரே வருபவர் அவர்தான். இந்தியும் தெரியும், கொஞ்சம் தமிழும் தெரியும், நாற்காலி போட்டு உட்கார வைப்பார். வசதியாக இருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவரும் அவரே. ஆவணியில், பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் அவர்கள் ஊரில் நுவாகாய் என்று புது அரிசிப் பண்டிகை. அதை ஒட்டித்தான் முன்பணம் கை மாறும். அந்தக் கடன் கழிகிறவரை அவர் முன்னால் ஒரு தாய் வாய் திறப்பாளா? "உங்க பொண்ணு ஏம்மா நேத்து வரல?" என்று நீங்கள் கேட்பீர்கள். "காய்ச்சலாம்" என்று பதில் வரும். அந்தப் பெண் நேற்று முழுக்கப் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

படிக்கிற பிள்ளையையும் நடுவில் நிறுத்தாதீர்கள். "உன் தம்பி மக்காயிருக்கான்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று ஓர் ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொன்ன ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன். அவள் அம்மாவிடம் நெடுநேரம் ஏதோ சொன்னாள். அம்மா சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார். கெட்டிக்காரி.

பிறகு யார்தான்? சூளைக்கு வெளியே ஆள் தேடுங்கள். செங்குன்றம் பக்கத்து ஓட்டல்களில், கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடியாப் பையன்கள் இருக்கிறார்கள். பல வருஷமாக இங்கேயே இருப்பதால் தமிழ் நன்றாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனால் சந்தோஷமாக வருவார்கள். போனிலும் பேச வைக்கலாம்.

3. "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதே, எப்படிப் பேசினால் என்ன என்று நினைக்க வேண்டாம். சூளையில் அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ் "போ, வா, எடு, சீக்கிரம்." மரியாதை விகுதி எப்படி இருக்கும் என்பதை உங்கள் வாயிலிருந்துதான் முதன்முதலாகக் கேட்பார்கள். இருளர் வீட்டு வாசலில் நின்று "ஏய், இந்தா" என்று கூப்பிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. நீங்கள் அதைக் கையில் எடுக்காதீர்கள்.

4. "வீட்டில் தமிழிலேயே பேசுங்க" என்று எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள்.

நல்ல எண்ணத்தில் நாம் செய்யும் பெரிய கெடுதல் இது. நானே பத்து வருஷம் செய்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தாய்க்குத் தெரிந்த தமிழ் இருபது வார்த்தை. அவர் உங்கள் பேச்சைக் கேட்டு வீட்டில் தமிழ் பேச ஆரம்பித்தால் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த இருபது வார்த்தைதான். கதை நின்றுபோகும். "ஏன் மழை வருது?" என்ற கேள்விக்குப் பதில் நின்றுபோகும். கோபித்துக்கொண்ட பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுகூட நின்றுபோகும். பிள்ளைக்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்பது தாயின் முழு மொழி. ஒரு மொழியில் முன்னது பின்னது, காரணம் விளைவு, கூட்டல் கழித்தல் என்று புரிந்துகொண்ட பிள்ளை, அதற்கான தமிழ்ச் சொல்லை மட்டும் உங்களிடம் வாங்கிக்கொண்டால் போதும். எந்த மொழியிலும் புரியாத பிள்ளைக்கு நீங்கள் இரண்டையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

தெலுங்கு வீடுகளில் வேறு சங்கடம். "வீட்ல என்ன பேசுவீங்க?" என்று கேட்டால், ஏதோ குற்றத்தை மறைப்பதுபோல, "தமிழ்தான் டீச்சர்" என்பார்கள். நீங்களே நாலு வார்த்தை தெலுங்கில் ஆரம்பியுங்கள். தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, தப்பாகப் பேசினால் இன்னும் நல்லது. டீச்சரைத் திருத்துகிற சந்தோஷத்தில் பாட்டிமார்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

5. "ஒடியாப் பிள்ளை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள்.

ஒடிசாப் பாடநூலில் இருக்கும் ஒடியா, கட்டக், பூரிப் பக்கத்துக் கடற்கரை மொழி. பலாங்கீர்க் குடும்பங்கள் பேசுவது சம்பல்புரி. பாடநூலில் ள, ண இரண்டும் உண்டு, வீட்டுப் பேச்சில் இரண்டும் இல்லை. பாடநூல் வீட்டை "கொரொ" என்னும், பிள்ளை "கொர்" என்னும். அதாவது அந்தப் பிள்ளை தன் ஊர்ப் பள்ளியிலேயே ஏற்கெனவே ஒரு வேற்று மொழியைச் சமாளித்துவிட்டு வந்திருக்கிறது. சூளைப் பிள்ளைகளுக்காக ஒடியாப் பாடநூல்களும் ஒடியா ஆசிரியர்களும் நம் மாவட்டத்துக்கு வந்ததுண்டு. மிக நல்ல காரியம். அப்போதும் சின்னப் பிள்ளைகள் விழித்ததற்குக் காரணம் இதுதான்.

எழுத்திலும் ஒரு சூட்சுமம். அவர்களுடைய நெடுங்கணக்கில் நம்முடைய ஒரு "ப"வுக்கு நாலு எழுத்து. "பம்பரம்" என்று நீங்கள் எழுதிப் போட்டால், முதல் ப ஒரு மாதிரியும் இரண்டாவது ப ஒரு மாதிரியும் ஏன் ஒலிக்கிறது என்று அங்கே இரண்டு வருஷம் படித்த பிள்ளை திகைக்கும். நம் பிள்ளைகளுக்கு வராத சந்தேகம் இது. அது மக்குத்தனத்தில் வருவதல்ல, கூர்மையான காதினால் வருவது. ஒரு சனிக்கிழமை, எழுத்து தெரிந்த அப்பா ஒருவரைக் கரும்பலகையில் அந்த நாலையும் எழுதச் சொல்லி வகுப்பு முழுக்கச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு நீங்களும் மாணவர்தான்.

பெயரையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். சுகாந்தி என்ற பெயர் நம் காதில் சுகந்தி ஆகிவிடும். பள்ளியின் கணினிப் பதிவான எமிஸில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றாகி, ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தத் தகப்பன் அலைவது நமக்குத் தெரியாது.

6. பேசாத பிள்ளையை மந்தம் என்று எழுதாதீர்கள்.

நான் எழுதியிருக்கிறேன். ஏழு வயதுப் பெண், கார்த்திகையில் வந்தவள், மாசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. "மந்தம்" என்று பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினேன். பிறகு ஒருநாள் வேறு வேலையாகச் சூளைக்குப் போனபோது, களத்தில் அவள் தன் தம்பிக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்: இந்த வரிசை காய்ந்துவிட்டது, அதைத் தொடாதே, அந்தப் பக்கம் திருப்பு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற தோரணை அப்படியே என்னுடையது. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். புது மொழிக்குள் வந்து விழும் சின்னப் பிள்ளைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உள்ளே சேகரம் நடக்கிறது. அவசரப்படுத்தினால் நீளும். சந்தேகமாக இருந்தால் தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டில் பேசுகிறாளா?" அவர் சிரித்தால் கவலை இல்லை. அவரும் தலையாட்டி இல்லை என்றால், அப்போது காது, பேச்சு சோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கும்போது, அரும்பில் ஒரு பிள்ளையை உட்கார வைப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா என்று யோசியுங்கள்.

7. அந்த வீட்டுக்குத் தெரிந்தது என்ன என்று எழுதி வையுங்கள்.

வீட்டுக்குப் போனால் நாம் இல்லாததைத்தான் எண்ணுவோம். புத்தகம் இல்லை, மேஜை இல்லை, கையெழுத்துப் போட ஆள் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவரோடு சேர்ந்த பள்ளி ஆசிரியைகளும் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். மெக்சிகோ வழி வந்த தொழிலாளர் வீடுகளுக்குப் போய், உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். விவசாயம், கட்டட வேலை, மருந்துச் செடி, வியாபாரம் என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைப் பட்டியல் போட்டார்கள். மெக்சிகோ மிட்டாய் விற்கும் ஒரு பையனைப் பார்த்ததில் தொடங்கி, இன்னொரு பிள்ளையின் அம்மா வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார். பாடமே அதைச் சுற்றி நடந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஓய்வு பெற நாலு வருஷம்தான் பாக்கி. இருந்தாலும் செய்து பார்த்தேன். சூளைத் தாய் ஒருவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியை, அறுத்த வரிசைகளை வைத்து மனக்கணக்காகவே சொல்வார். அவர் வந்து களிமண்ணில் பத்துப் பத்தாகக் கல் அடுக்கிக் காட்டிய அன்றைக்கு, பத்துகள், நூறுகள் பாடம் முழு வகுப்புக்கும் விளங்கியது. இருளர் வீட்டுத் தாத்தா ஒருவர் பாம்புச் சுவட்டையும் எலி வளையையும் வேறுபடுத்தும் விதத்தைப் பள்ளி மைதானத்திலேயே காட்டினார். 2023-இல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பாம்பு பிடிக்கும் அறிவுக்காகவே பத்மஸ்ரீ கொடுத்தது அரசாங்கம். நம் பதிவேட்டில் மட்டும் அந்த அறிவுக்குக் கட்டம் இல்லை. அதுவரை அந்தத் தாத்தாவின் பேரன் பக்கத்தில் உட்காராத பிள்ளைகள் அன்று மத்தியானம் அவனோடு வளை தேடப் போனார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அழைப்பது வேடிக்கை காட்ட அல்ல. வருஷத்துக்கு ஒருநாள் "பாரம்பரிய உடை தினம்" கொண்டாடிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கல் அடுக்கிக் காட்டிய அம்மாவின் கணக்கு அடுத்த வாரப் பாடத்திலும் இருக்க வேண்டும்.

8. தட்டில் மிச்சம் வைத்தால் திட்டுவதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள்.

ஒரு வருஷம் கார்த்திகை, மார்கழியில் வியாழக்கிழமை வந்தால் நாலு ஒடியாப் பிள்ளைகள் சத்துணவு முட்டையைத் தொடவில்லை. "முட்டை கிடைக்காம எத்தனை பிள்ளைங்க ஏங்குது" என்று நான் சத்தம் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மாத வியாழக்கிழமைகள் அவர்களுக்கு லட்சுமி விரத நாள், வீட்டில் கவிச்சியே கிடையாது. அரிசி மாவைக் கரைத்து விரலால் வாசலில் லட்சுமி பாதம் வரைவார்கள், நம் கோலம்போல. அந்தப் பூசையில் சொல்லும் கதையில், ஊர் ஒதுக்கிய ஒரு பெண்ணின் குடிசைக்குள் லட்சுமி போகிறாள். எனக்குத்தான் அன்றைக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. அடுத்த வியாழன் பிள்ளைகளையே வகுப்பு வாசலில் மாக்கோலம் போட வைத்தேன்.

பொங்கலை ஒட்டிய பௌர்ணமியில் அவர்களுக்குப் புஸ்புனி, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் நெல் வாங்குவார்கள். மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் கன்னியம்மனுக்காக மாமல்லபுரம் கடற்கரையில் போய்த் தங்கும். இதெல்லாம் "நீண்ட நாள் வரவில்லை" அல்ல. முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, "மகத்துக்குப் போறீங்களா, எப்ப திரும்புவீங்க?" என்று நீங்களே கேட்டால், திரும்பி வந்த அன்றே பிள்ளையைக் கொண்டு வந்து விடுவார்கள்.

பழைய சோறு அவர்களுக்குப் பகால். இரண்டு தரப்புத் தாய்மார்களையும் பேச வைக்க இதைவிட நல்ல பேச்சு எனக்குக் கிடைத்ததில்லை.

9. மூத்த பெண் அடிக்கடி லீவு போட்டால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று அர்த்தம். அவளைத் திட்டிப் பயன் இல்லை. பக்கத்து அங்கன்வாடி டீச்சரிடம் நீங்களே போய்ப் பேசி அந்தக் குழந்தைக்கு இடம் வாங்கிக் கொடுங்கள். வெளி மாநிலத்துக் குழந்தைக்கும் அங்கே உரிமை உண்டு. இடம் கிடைக்கும்வரை குழந்தையோடு அவள் வகுப்புக்கு வரட்டும். பெஞ்சில் ஒரு குழந்தை தூங்கினால் பாடம் ஒன்றும் கெட்டுவிடாது.

10. காகிதம் இல்லை என்று யாரையும் வாசலிலிருந்து திருப்பாதீர்கள். 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும், பாதி வருஷத்தில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அலுவலகத்தில் யாராவது முனகினால் சட்டத்தைக் காட்டுங்கள்.

11. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்த முக்கால் பங்கில் ஏரிக்கரையிலிருந்து ஒருவர் இருக்கிறாரா? இருந்தாலும், கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுகிறோமா? என் காலத்தில் இதில் நான் தோற்றேன். இருளர் வீட்டு அம்மா ஒருவர் இரண்டு வருஷம் உறுப்பினராக இருந்தார். நாற்காலி போட்டும் ஒருநாளும் உட்காரவில்லை. அவரை உட்கார வைக்கும் வழி உங்களுக்குக் கிடைத்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

12. குடும்பத்தோடு பழகப் பழக, பார்க்கக் கூடாததும் கண்ணில் படும். முன்பணம் தீரவில்லை என்று ஊருக்கு விடாமல் வைத்திருப்பது, அடி, பிள்ளையை வேலைக்கு இறக்குவது. கொத்தடிமை முறை 1976-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். கோட்டாட்சியருக்கும் கலெக்டருக்கும் சொல்லலாம். பிள்ளைகளுக்கு என்றால் 1098-க்குப் போன் போடலாம். அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் வீராவேசமாக எதுவும் செய்யாதீர்கள், அன்றிரவு சூளையில் தூங்கப் போவது அவர்கள்.

13. போகும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

மே மாதத்தில், மழைக்கு முன் சூளை வேலை முடியும். ஒரு நாள் காலையில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். லாரி வந்ததும் ஏறிவிடுவார்கள். அதனால் சித்திரையிலேயே தயாராக இருங்கள். டி.சி.யோடு ஒரு தாளில் இந்தப் பிள்ளை எதுவரை கூட்டுகிறது, என்ன படிக்கிறது, எதை விரும்புகிறது என்று எளிய இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, பிள்ளையின் நோட்டுக்குள் வைத்துத் தாயின் கையில் கொடுங்கள். உங்கள் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். எழுத்து வராத தாய்க்கு வாட்ஸ்அப் குரல் செய்தி போதும். ஆடியில் ஒருநாள், எங்கோ நாற்று நடும் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஒரு பிள்ளை ஒன்று முதல் இருபது வரை தமிழில் எண்ணி எனக்கு அனுப்பியது. பதினேழை விட்டுவிட்டது.

போன வருஷ வருகைப் பதிவேட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நவம்பரில் அதே சூளைக்கு வரும் குடும்பங்களில் சில பழைய குடும்பங்களாக இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பெயர் முன்பே எழுதியிருக்கட்டும்.